தர்மசங்கடம்: கேஷுவாலிட்டியில் ஒரு செவிலியர் எப்படி முடிவெடுக்கிறார்?

பழைய வண்ணாரப்பேட்டையில் சில சந்துகளுக்குள் 108 வண்டி நுழையாது. தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெச்சரைக் கையில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எதிரே ஒரு தள்ளுவண்டி வந்துவிட்டால் இரண்டில் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். ‘சங்கடம்’ என்ற வடசொல்லுக்கு மூலப்பொருளே இந்த மாதிரி இடுக்குதான், குறுகலான வழி. அப்படிப் பார்த்தால் தர்மசங்கடம் என்பது, இரண்டு தர்மங்கள் ஒரே சந்தில் எதிரெதிரே வந்து முட்டி நிற்பது. போக இரண்டுக்கும் உரிமை உண்டு, ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது.

வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது நர்சிங் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ‘எதிக்ஸ்’ என்று போர்டில் எழுதியதுமே பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும். மீதிப் பேர் “மேடம், அஞ்சு மார்க்கா, பத்து மார்க்கா?” என்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். கேஷுவாலிட்டி வாசலில் ஒரு நாளாவது காத்திருந்த யாருக்கும் இது பயன்படும்.

முதலில், எதெல்லாம் தர்மசங்கடம் இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. “மருந்தை மாற்றிப் போட்டுவிட்டேன், டாக்டரிடம் சொல்வதா வேண்டாமா?” என்பது சங்கடம் இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். மெமோ வருமே என்ற பயம் நிஜம்தான், ஆனால் பயம் ஒரு தர்மம் ஆகிவிடாது. அதேபோல, ரோட்டில் அடிபட்டு நினைவில்லாமல் வந்தவர், கூட யாரும் இல்லை, கையெழுத்துப் போட ஆளில்லை, போலீஸ் கேஸ் வேறு. இங்கேயும் யோசிக்க ஒன்றுமில்லை. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்துவிட்டது: முதலில் உயிர், காகிதமெல்லாம் அப்புறம். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவருக்கு, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சை குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 30-ஆம் பிரிவு. பணம் யார் கட்டுவது என்ற கேள்விக்கும், சாலை விபத்தைப் பொறுத்தவரை, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குப் பதில் சொல்கிறது.

இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருந்தும், அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்த ஆட்டோக்காரர் இன்னும் வாசலிலேயே நின்று “என் பேரு எழுதாதீங்க” என்று கெஞ்சுவதைப் பார்க்கிறேன். சரி, அது வேறு கதை.

நிஜமான சங்கடம் எங்கே வருகிறது? பாடத்தில் நான்கு கொள்கைகளைச் சொல்வார்கள். நோயாளி தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கட்டும் என்பது ஒன்று. அவருக்கு நல்லது செய், கெடுதல் செய்யாதே என்பவை இரண்டும் மூன்றும். இருக்கிற கையையும் கட்டிலையும் மருந்தையும் நியாயமாகப் பங்கிடு என்பது நான்காவது. தனித்தனியாகப் படித்தால் ஒன்றிலும் சண்டை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே கட்டிலில் இரண்டு கொள்கைகள் வந்து படுத்துக்கொள்ளும்போதுதான் தொல்லை. வார்டு என்றால் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வழி உண்டு. கேஷுவாலிட்டியில் நாளைக்கு என்பதே கிடையாது.

ஜூன் 14 ராத்திரி

காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தேதியை விளக்க வேண்டாம். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடை அன்றைக்கு நள்ளிரவோடு முடிகிறது. ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, விசைப்படகுகள் தயாராக நிற்கும். ஒரு வருடம் அந்த ராத்திரி பத்தரை மணிக்கு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மச்சானோடு வந்தார். சாயங்காலம் ஐஸ் தூக்கும்போது நெஞ்சு கனத்தது, இடது தோள் இழுத்தது, வேர்த்துக் கொட்டியது. வந்து சேர்ந்தபோது வலி இல்லை.

“கேஸ் டிரபிள்தான் சிஸ்டர். ஒரு ஊசி போட்டு வுட்டுடு. மூணு மணிக்கு போட்ல ஏறணும்.”

ஈ.சி.ஜி.யில் சின்னதாக ஒரு மாற்றம். மாரடைப்பா என்று சொல்ல ரத்தத்தில் டிரோபோனின் பார்க்க வேண்டும், இதயத் தசை சேதமானால் ஏறும் புரதம் அது. அதுவும் முதல் சாம்பிளில் தெரியாமல் போகலாம், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதி. டூட்டி டாக்டர் அட்மிஷன் எழுதினார். இவர் சட்டையை மாட்ட ஆரம்பித்தார்.

இங்கே அவருடைய விருப்பமும் அவருடைய உயிரும் எதிரெதிரே நிற்கின்றன. விருப்பத்தை மதித்தால், கரையிலிருந்து பல மணி நேரத் தூரத்தில், டாக்டரோ மருந்தோ இல்லாத இடத்தில் நெஞ்சு அடைக்கலாம். உயிர்தான் முக்கியம் என்று பிடித்து வைத்தால், புத்தி தெளிவாக இருக்கும் ஒரு மனிதரைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகும். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. பயமுறுத்தி நிறுத்தலாம். சீட்டைக் கொடுக்காமல் இழுத்தடிக்கலாம். ‘வலிக்குத்தான்’ என்று சொல்லித் தூக்க ஊசி போட்டுவிடலாம் என்று யோசித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் பொய்.

அப்போது ஒரு செவிலியர் சரிபார்க்க வேண்டியது, இவர் முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா என்பதை. குடித்திருக்கிறாரா, ஆக்ஸிஜன் குறைந்து குழம்பியிருக்கிறாரா, சொன்னது புரிந்ததா? “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதனால், “நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்கண்ணா” என்று கேட்க வேண்டும். அவர் சொன்னார்: “நடுக்கடல்ல அடைச்சா கரைக்கு வர்றதுக்குள்ள பூட்டுக்கும்னு சொல்றே.” இதைவிடத் தெளிவாக ஒருவரால் புரிந்துகொள்ள முடியாது. ஆக, முடிவு அவருடையது.

அவருடைய முடிவுதான், ஆனால் அதற்காக நாம் வாயை மூடிக்கொண்டு சீட்டை நீட்ட வேண்டியதில்லை. ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வந்தது. இரண்டு மாத வட்டி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கவலை, முதல் நடைக்கு ஏறாவிட்டால் படகில் அவர் இடத்தை வேறு ஆள் பிடித்துக்கொள்வார் என்பது. அப்படியானால் நான் பேச வேண்டியது மாரடைப்பைப் பற்றி இல்லை. அவர் இடத்தில் மச்சான் ஏறினால் ஆகாதா என்று கேட்டோம். மச்சானே படகு முதலாளிக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடம் பேச்சு. மச்சான் கிளம்பிப் போனார், இவர் முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். விடிகாலை எடுத்த இரண்டாவது சாம்பிளில் டிரோபோனின் ஏறியிருந்தது, மாரடைப்புதான்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கை தட்டுவார்கள். கை தட்டாதீர்கள் என்பேன். ஏனென்றால் இதே மாதிரி வந்த இன்னொருவர், எவ்வளவு பேசியும் கேட்காமல், ‘சொந்தப் பொறுப்பில் போகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மாரடைப்பு சந்தேகத்துக்குக் கொடுக்கும் முதல் டோஸை அங்கேயே விழுங்க வைத்துத்தான் அனுப்பினோம். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14 மாத்திரை. ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூடக் கிடைக்கிற அதே கணக்கு. “வலி வந்தா உடனே திரும்பி வாங்க, யாரும் திட்ட மாட்டோம்” என்றேன். அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு ராத்திரியிலும் நான் செய்தது ஒரே வேலைதான். கையெழுத்து வாங்கியதும் நம் கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய பிழை. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் கேட்ட கேள்விகளும், பின்னால் சொன்ன வார்த்தையும்தான் நர்சிங்.

யாரை முதலில் பார்ப்பது?

கேஷுவாலிட்டியில் வரிசை கிடையாது என்பதைப் பலர் ஏற்றுக்கொள்வதில்லை. “நாங்க ஒரு மணி நேரமா நிக்கிறோம், இப்ப வந்தவனை உள்ள கூட்டிட்டுப் போறீங்க” என்ற சண்டை இல்லாத டூட்டி எனக்கு நினைவில்லை. ஆபத்தின் அளவை வைத்துத் தரம் பிரிப்பதற்கு ட்ரையாஜ் என்று பெயர். பதவி பார்க்காமல், காயத்தைப் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டும் என்ற வழக்கத்தை நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே கொண்டுவந்தார். நம் ஊரில் விபத்து, அவசர சிகிச்சைக்கான டி.ஏ.இ.ஐ. திட்டம் வந்த பிறகு அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரையிலேயே கோடு போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பிரிப்பை வாசலில் முதலில் செய்வது பெரும்பாலும் செவிலியர்தான்.

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். எண்ணூர் விரைவுச் சாலையில் குடித்துவிட்டு பைக் ஓட்டியவன், ஓரமாக நடந்துபோன பள்ளிக்கூடப் பெண் மேல் மோதிவிட்டான். இரண்டு பேரையும் ஒன்றாகக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு முன்கை எலும்பு முறிந்து, வலியில் கத்துகிறாள். அவன் வாந்தி எடுத்துவிட்டு உளறிக்கொண்டே தூங்கப் பார்க்கிறான். அறை முழுக்கச் சாராய வாடை. கூட்டம் என்ன சொல்லும்? “அந்தக் குடிகாரனை அப்புறம் பாருங்க.” மனசும் அதையேதான் சொல்லும்.

ஆனால் கத்துகிற நோயாளி மூச்சு விடுகிறார் என்று அர்த்தம். உளறுவதும் தூங்கி விழுவதும் போதையாலும் வரும், தலைக்குள் ரத்தம் கசிந்தாலும் வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறது. அப்படியென்றால் அவன் சிவப்பு, அவள் மஞ்சள். அவளுக்கு வலிக்கு மருந்தும் கைக்குக் கட்டையும் கொடுக்க ஒரு ஆளை விட்டுவிட்டு, அவனோடு சி.டி. ஸ்கேனுக்கு ஓட வேண்டும். யார் தப்பு செய்தார் என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். தண்டனை கொடுக்கிற வேலையை நாம் எடுத்துக்கொண்டால், ‘குடிகாரன்தானே, தெளியட்டும்’ என்று மூலையில் போட்டு வைத்தவர் காலையில் எழாமலே போவார். அந்த மாதிரிக் காலைகள் எல்லாக் கேஷுவாலிட்டியிலும் நடந்திருக்கின்றன.

ஒரே நேரத்தில் கூட்டமாக வந்தால் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும். சாதாரண நாளில் மிக மோசமானவருக்கு முதலிடம். பேரிடரில், எது செய்தாலும் பிழைக்க வாய்ப்பில்லாதவரை ஒதுக்கிவிட்டு, காப்பாற்றக்கூடியவரை முதலில் பார்க்கச் சொல்வார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து, கண் எரிய, மூச்சுத் திணற ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்களே, அந்த மாதிரி ராத்திரிக்காகத்தான் இந்தப் பாடம். சொல்வது எளிது. 2021 மே மாதம் சென்னையில் பெரிய மருத்துவமனை வாசலில் 108 வண்டிகள் வரிசையில் நின்றபோது, ஆக்ஸிஜன் கட்டில் ஒன்று காலியானால் அடுத்தது யார் என்ற கேள்வியைச் சந்தித்தவர்கள் இன்னும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

‘வழுக்கி விழுந்துட்டேன்’

இதுதான் என் கணக்கில் மிகக் கடினமான இடம். இருபத்தைந்து வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே வீக்கம், மேல்கையில் நான்கு விரல் தடம். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்.” பக்கத்திலேயே கணவர், அவள் பதிலையும் சேர்த்து அவரே சொல்கிறார். பாத்ரூம் தரைக்கு விரல் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

காயம் அடித்ததால் வந்தது என்று சந்தேகம் இருந்தால் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிந்து, காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் போலீஸ் விசாரித்துவிட்டுப் போன பிறகு, அவள் அதே வீட்டுக்குத்தான், அதே கணவரோடுதான் ராத்திரி போகப் போகிறாள். எழுதினால் அடி கூடலாம். எழுதாவிட்டால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்க அவளிடம் ஒரு காகிதமும் இருக்காது.

முதல் வேலை, கணவரைப் பிரிப்பது. நேராகச் சொன்னால் சண்டை வரும். “யூரின் டெஸ்ட் எடுக்கணும், வாம்மா” என்று பாத்ரூம் பக்கம் அழைத்துப் போய், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன்: “இன்னிக்கு வீட்டுக்குப் போனா உனக்குப் பயமா இருக்கா?” ‘அடிச்சானா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். பயமா என்று கேட்டால் அழுவார்கள். பெண்கள் உதவி எண் 181-ஐக் கையில் எழுதிக் கொடுக்க வேண்டாம், மனப்பாடம் செய்யச் சொல்லலாம். கையில் எழுதினால் கணவர் பார்ப்பார்.

ஏ.ஆரில் காரணத்தை எழுதும்போது ‘சொல்லப்படுகிறது’ என்ற சொல்லைப் போடுவது வழக்கம். ‘வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது.’ அது அவள் சொன்னது. அதற்குக் கீழே காயத்தின் இடம், நீள அகலம், நிறம், எத்தனை, இவை டாக்டரும் நாமும் கண்ணால் பார்த்தது. அவள் வார்த்தையையும் மாற்றவில்லை, பார்த்ததையும் மறைக்கவில்லை. நிறைய பேர் சோம்பலில் ‘பல இடங்களில் சிராய்ப்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மேல்கையில் நான்கு வட்டத் தடம் என்று எழுதியிருந்தால், ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணே ஏ.ஆர். காப்பி கேட்டு வரும்போது, அந்த வரி அவளுக்காகப் பேசும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இந்த நெளிவு சுளிவுக்கெல்லாம் இடமில்லை. வயிற்று வலி என்று அம்மாவோடு வந்த பதினாறு வயதுப் பெண் கர்ப்பம் என்று தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டால் நமக்கே தண்டனை உண்டு. “குடும்ப மானம் போயிடும் சிஸ்டர்” என்று அந்த அம்மா காலைப் பிடிப்பார். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் வழி விட்டது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீஸுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயர் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை. அது டாக்டர் வேலை. நம் வேலை, டீ குடிக்கும் இடத்தில் இதைப் பேசாமல் இருப்பது. கேஷுவாலிட்டி ரகசியங்கள் பெரும்பாலும் டீக்கடையில்தான் கசிகின்றன.

கை கட்டப்பட்டிருக்கும்போது

இன்னொரு வகைத் துன்பம் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரியும், ஆனால் அதைச் செய்கிற அதிகாரம் உன்னிடம் இருக்காது. 1984-இல் ஓர் அமெரிக்க மெய்யியல் பேராசிரியர் இதற்கு ‘மாரல் டிஸ்ட்ரெஸ்’ என்று பெயர் வைத்தார். நான் மனசாட்சி வலி என்பேன். எண்பத்தெட்டு வயதுப் பாட்டி, புற்றுநோய் முற்றிய நிலை, மூச்சு நிற்கப் போகிறது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகள் “போதும் சிஸ்டர், நிம்மதியா வுட்டுடுங்க” என்கிறார். துபாயிலிருந்து மகன் போனில், “எல்லாம் செய்யுங்க, பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க” என்கிறார். முடிவு டாக்டருடையது. இதயத்தை ஓட வைக்க நெஞ்சை அமுக்கச் சொன்னால் அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் அந்த வயதில் விலா எலும்பு முறியும். அது கைக்குத் தெரியும்.

தனக்கு இப்படியெல்லாம் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றது. என் டூட்டியில் ஒருவர்கூட அந்தக் காகிதத்தோடு வந்ததில்லை. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அருணா ஷான்பாக் நினைவுக்கு வருவார். 1973-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையிலேயே தாக்கப்பட்டு நினைவிழந்த செவிலியர் அவர். அவரைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்ட மனுவை 2011-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அந்த மனுவை எதிர்த்தார்கள். 2015-இல் அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள் அவர்கள்தான் குளிப்பாட்டிச் சோறூட்டினார்கள். அந்தப் பாட்டிக்கு விட்டுவிடலாம் என்று தோன்றிய எனக்கு, அருணாவின் தோழிகள் சொன்னதும் சரியென்றே தோன்றுகிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக ஒன்று. விபத்தில் கணவன் மனைவி இருவரும் வந்தார்கள். அவர் வரும்போதே உயிர் இல்லை. அவளுக்குத் தொடை எலும்பு முறிவு, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. “அவர் எங்க சிஸ்டர்?” என்று கேட்டாள். மரணத்தை அறிவிப்பது டாக்டர். அவர் அடுத்த கட்டிலில் இன்னொருவருக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இவள் நிலை இன்னும் மோசமாகுமோ என்ற பயம். “பக்கத்து ரூம்ல பார்த்துட்டு இருக்காங்கம்மா” என்றேன். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

இரண்டு மாதம் கழித்து வாக்கரோடு வந்தாள், ஏ.ஆர். காப்பி வாங்க. என்னை அடையாளம் தெரிந்தது. “நீங்க அப்படிச் சொன்னதால காலையில வரைக்கும் அவர் உசுரோட இருக்கார்னு நெனச்சு சாமி கும்பிட்டுட்டு இருந்தேன் சிஸ்டர்” என்றாள். திட்டவில்லை. குரலில் கோபம்கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரும்போதெல்லாம், “எனக்கு முழுசா சொல்லத் தெரியாதும்மா, டாக்டர் வந்து சொல்வார், அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறேன். சிலர் அந்தப் பிடியிலேயே புரிந்துகொண்டுவிடுவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி கேட்க மாட்டார்கள்.